கிட்டங்கித் தரையில் ஒரு வீடு

1936-ஆம் வருடம் அக்டோபர் மாதம் 17-ஆம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணி. கொழும்பில் மழை விட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. தகரக் கூரையின் ஓரத்தில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. புறக்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த அரிசிக் கிட்டங்கியில், மூட்டை நிறுக்கும் அண்ணாச்சி ஒருவர் வலது காலைக் கழுவித் துடைத்துவிட்டுத் தரையில் கிடந்த, பிளந்த மூங்கில் சிம்பு ஒன்றின் மேல் ஏறி நின்றார். அன்று இரவு ரயிலில் நான் ஒரு மாத லீவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்படுவதாக இருந்தது.

கத்தியோடு குனிந்திருந்தவன் சேத்தூர் ஞானமுத்து. பக்கத்து இரும்புக் கடையில் விற்பனை பார்த்தான். படுக்கை எங்களோடு, கிட்டங்கி மாடியில்.

"நகத்தையும் சேத்துக் கீறவா, விட்டுட்டுக் கீறவா அண்ணாச்சி?"

"நகத்த வெட்டிட்டுத்தாம்லே நிக்கேன். விரலோட கீறு. நகம் நாளைக்கு வளரும், வீடு வளருமா?"

மம்சாபுரத்தில் அவருக்கு ஒரு மனை இருந்தது. அங்கே வீடு தொடங்க அந்த ஐப்பசியில் வாஸ்து நாள் குறித்திருந்தார்கள். மனையடி சாஸ்திரத்தில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பலன் உண்டு. பதினேழு அடி நல்லது, பதினைந்து ஆகாது என்று அது போகும். அந்த அடி யாருடைய அடி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய கொத்தனார்கள் வீட்டுக்கு உரியவனின் காலடியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உரியவரோ கொழும்பில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். கால் போக முடியாததால் காலின் அளவு போகவேண்டியிருந்தது.

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி கோலு? எத்தன இஞ்சுன்னு ஒரு துண்டுத்தாள்ல எழுதிட்டுப் போறேனே" என்றேன்.

"இஞ்சு எந்தத் தொரை காலோ, எவனுக்குத் தெரியும்? நான் குடியிருக்கதுக்கு எங் காலு வேணும். பேசாம வாங்கி வச்சுக்கோ தம்பி."

வாங்கி வைத்துக்கொண்டேன். நான் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை. மாடிப்படி பதினாறு என்பதும், மூன்றாவது படியில் ஆணி இரண்டு குறைவு என்பதும் இன்றுவரை எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சிம்பின் மேல் மட்டும் ஸ்கேலை வைக்கவில்லை. அவர் பேச்சுக்குக் கொடுத்த மரியாதை என்று அன்று நினைத்தேன். இந்த எழுபத்தெட்டாவது வயதில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நாங்கள் அவரை 'வீட்டுக்காரர்' என்றே சொல்லுவோம். வீடு கட்டத் தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

வந்த விதம் இது. கிட்டங்கியில் கிழக்குப் பக்கத்துத் தரை, அரிசி விற்றுத் தீர்ந்து அடுத்த கப்பல் வரும்வரை காலியாகக் கிடக்கும். மூட்டைக்குக் குறி போடுகிற சுண்ணக்கட்டியால் அவர் அந்தத் தரையில் தன் வீட்டைக் கோடு போட்டு வைத்திருந்தார். காகிதத்தில் போடுகிற படம் போல அல்ல, முழு அளவில். பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் பெரிய கூடம், கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவே அவர் காலால் பதினேழு. பக்கத்தில் ஓர் உள்ளறை. பின்னால் அடுக்களை. தெற்கே வாசல். சாயங்காலம் வேலை முடிந்ததும் கிட்டங்கியில் தங்கியிருந்த பதினோரு பேரும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்து பேசுவோம். ஆனால் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் எங்கிருந்தாலும் குரல் வரும்.

"ஏலே, சுவரேறிக் குதிக்கியே, நீ என்ன களவாணியா? வாசல் வழியா வா."

ஞானமுத்து ஒருவன்தான் அதிலும் விளையாடுவான். வாசல் கோட்டுக்கு வெளியே நின்று நாக்கால் டொக் டொக் என்று தட்டுவான். "வீட்டுல ஆள் இருக்கா?" என்பான். அவர் சிரிக்காமல் எழுந்து போய், இல்லாத தாழ்ப்பாளை நீக்கி, "வா, வா. செருப்ப வெளிய விடு" என்பார். அரிசிக் கப்பல் வந்தால் வீடு மூட்டைக்குள் புதைந்துவிடும். "அடுக்களையில எரநூறு மூட்டை கெடக்கு, இன்னைக்குச் சமையல் கெடையாது" என்று ஞானமுத்து அறிவிப்பான். மூட்டை போனதும் அவர் குனிந்து, அழிந்த கோடுகளை மறுபடி போடுவார். நான் இருந்த வருடங்களில் முப்பத்து நான்கு முறை போட்டார்.

ஒருநாள் முதலாளி நேராகச் சுவரைக் கடந்து நடந்துவந்துவிட்டார். எல்லோரும் எழுந்துவிட்டோம். இவரும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாய் மட்டும் நிற்கவில்லை.

"மொதலாளி... வாசல் அந்தப் பக்கம்."

முதலாளி தரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வந்த வழியே பின்வாங்கிச் சுற்றிவந்து வாசல் வழியாக நுழைந்தார். "கதவு என்ன மரம்?" என்று கேட்டார். "தேக்கு போடணும்னு ஆசை. வேம்புதான் ஆகும்" என்றார் இவர். அந்த மாதச் சம்பளத்தில் இவருக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வந்தது. 

கொழும்பில் எங்கள் வாழ்க்கை அம்புட்டுத்தான். விடியற்காலம் நாலரைக்குத் தெருக்குழாயில் குளியல், தேங்காயெண்ணெய்க் குழம்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பது, ஞாயிற்றுக்கிழமை டிராம் ஏறிக் காலிமுகத் திடலில் காற்று வாங்குவது. நாங்கள் கடலைப் பார்க்கும்போது அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பங்களா ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். காவற்காரன் விரட்டியும் இருக்கிறான். "கம்பி எம்புட்டு இடைவெளின்னு பாத்தேன்யா, களவெடுக்கவா வந்தேன்?" என்று முனகிக்கொண்டு வருவார். ஊருக்குப் போகிறவர்கள் நகைக்கடை, துணிக்கடை ஏறி இறங்குவார்கள். அவரோ கிடைக்கிற காசையெல்லாம் மணியார்டரில் சுவராகவும் நிலையாகவும் மாற்றிக்கொண்டிருந்தார். ஓடு போட்டு முடித்த வீட்டுக்குள்தான் கால் வைப்பேன், அதுவரை ஊருக்கு வரமாட்டேன் என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு வந்தவர்.

இனி அந்தச் சிம்புக்கு வருகிறேன். நான் அதைத் தொலைத்தேன்.

தனுஷ்கோடியில் ரயில் ஏறியபோது மழை வலுத்திருந்தது. என் பக்கத்து ஜன்னல் பலகை மேலே நிற்காமல் கீழே கீழே விழுந்தது. சிம்பை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தேன். கச்சிதமாக நின்றது. மானாமதுரையில் மதுரை வண்டிக்கு மாற வேண்டும். மூட்டை நான்கு, குடை ஒன்று, எண்ணி இறக்கினேன், ஐந்தும் சரியாக இருந்தன. ஆறாவதாக ஒன்று உண்டு என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசலில் குடையை மடக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் அவர் கால், நான் இறங்கிவந்த போட் மெயிலோடு சென்னைப் பட்டணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வாஸ்து நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கொழும்புக்குக் கடிதம் போக மூன்று நாள், வர மூன்று நாள். 'அண்ணாச்சி, தொலைத்துவிட்டேன், இன்னொன்று அனுப்புங்கள்' என்று ஒரு வரி போதும். எழுதவில்லை. வருகிற கடிதத்தையெல்லாம் அந்தக் கூடத்தில் வைத்து எல்லோருக்கும் சத்தமாக வாசிப்பது எங்கள் வழக்கம். எதையும் தொலைக்காத கணக்குப்பிள்ளை தொலைத்தான் என்று ஞானமுத்து வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டுவான். அந்தக் கூச்சத்தில் முதல் நாள் தள்ளினேன், இரண்டாம் நாள் தள்ளினேன். நான்காம் நாளுக்குப் பிறகு எழுதியும் பயனில்லை என்று ஆனது. அப்பாடா என்றுகூட இருந்தது.

வாஸ்து நாளன்று காலையில் கூடை முடைகிறவரிடம் ஒரு மூங்கில் சிம்பு வாங்கினேன். மம்சாபுரம் போகிற வழியில், யாரும் இல்லாத ஓர் ஓடைப் பாலத்தின் அடியில், என் வலது காலை அதன் மேல் வைத்துப் பேனாக்கத்தியால் கீறினேன். கால் என்றால் கால்தானே, அரை விரல் கூடக் குறைய இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனையில் கயிறும் முளைக்குச்சியுமாகக் கொத்தனார் காத்திருந்தார். வீட்டுக்காரரின் பெண்சாதி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், மனை ஓரத்துக் குடிசையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தார். சிம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை நீளவாக்கில் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, அவிய காலு இம்புட்டுத்தானா?"

நான் குனிந்து முளைக்குச்சிகளை எண்ணத் தொடங்கினேன்.

"அங்க சரியாச் சாப்பிடுதாவளா இல்லையா? இம்புட்டுக்கா மெலிஞ்சு போனாவ?"

"காலு மெலியுமாம்மா?" என்று கொத்தனார் சிரித்தார். "கொண்டாங்க, நல்ல நேரம் போகுது."

பதினேழு முறை என் காலை அவர் புரட்டிப் புரட்டி வைத்தார். முளை அடித்தார். நான் எண்ணினேன். பதினேழுதான்.

லீவு முடிந்து புறப்படும்போது மதினி ஒரு தூக்குப்பானையை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டுவந்து கொடுத்தார். நல்லெண்ணெய் மணக்க எள்ளுருண்டை, நூற்றிருபது. "கூட இருந்து திங்க வைங்க தம்பி" என்றார். மண்டபம் தொற்றுத்தடுப்பு முகாமில் ஆறு நாள் அடைத்து வைத்ததில் எறும்புக்கு ஒன்பது போக, நூற்றுப் பதினொன்று கொழும்பு சேர்ந்தது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கூத்துலே இது, பிள்ளத்தாச்சிக்கு அனுப்புன மாதிரி அனுப்பியிருக்கா?" என்று எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தார். நானும் நான்கு தின்றேன்.

அன்றிரவே மற்றவர்கள் மாடிக்குப் போனபின் அங்குலநாடாவோடு கீழே வந்து அவர் கூடத்தை அளந்தேன். நூற்று எண்பத்தேழு அங்குலம். அப்படியானால் அவர் கால் பதினொன்று. என் காலை அளந்தேன், ஒன்பதே முக்கால். மம்சாபுரத்தில் முளை அடித்த கூடம் நூற்று அறுபத்தைந்தே முக்கால். குறைவு இருபத்தொன்றேகால் அங்குலம். மம்சாபுரத்துக் கூடத்தை அவர் காலால் வகுத்தேன். பதினைந்து வந்தது, மேலே முக்கால் அங்குலம். பதினாறு வந்திருந்தால் இத்தனை கலங்கியிருக்க மாட்டேன். பதினைந்துக்கு மனையடியில் சொல்லியிருப்பது பொருள் நாசம். எனக்கு அந்த சாஸ்திரத்தில் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் அதில் குடியிருக்கப்போவது நானல்ல.

அதற்குப் பிறகு ஐந்தரை வருடம் மம்சாபுரத்திலிருந்து கடிதம் வரும்போதெல்லாம், சத்தமாக வாசிக்குமுன் நான் கடைசி வரியைப் பார்த்துவிடுவேன். முதல் வருடம் சுவர் எழும்பியது. அந்த வருடம் கறவை மாடு வாய்க்காலில் சரிந்து செத்தது. மறு வருடம் உத்திரம் ஏறியது. மூத்த பெண்ணுக்கு இருபத்தோரு நாள் காய்ச்சல். அடுத்து ஓடு போட்டார்கள், குடிபுகுந்தார்கள். மதினி வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. அவர் ஒவ்வொரு கடிதத்தையும் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார். வாசிக்கிறவன் நான்தான். கேட்டு முடித்துவிட்டு அவர் சொல்லுவதும் ஒன்றேதான்.

"பாத்தியா தம்பி. பதினேழு இல்லன்னா இதோட போயிருக்காது. வீடு காப்பாத்திட்டு."

மூன்று துன்பத்துக்கும் அவர் வீட்டுக்கு நன்றி சொன்னார். மூன்று முறையும் நான் கடிதத்தை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தேன். சொல்லிவிடவேண்டும் என்று மாடிப்படியில் பாதி இறங்கிவந்து, எட்டாவது படியிலிருந்து திரும்பிய இரவுகளும் உண்டு.

வீடு முடிந்தபின் அவர் ஏன் ஊருக்குப் போகவில்லை என்றால், அப்போது இலங்கை போய்வரும் சட்டம் இறுகியிருந்தது. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று பேச்சு. ஓட்டுக்கு வாங்கிய கடன் வேறு நின்றது. அப்படியே 1942 வந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்தது. கிட்டங்கியில் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினோம். அவர் கூடத்துக்குள் இருந்தார்.

"அண்ணாச்சி, குண்டு விழுது! சுவரத் தாண்டி வாங்க!" என்று ஞானமுத்து கத்தினான்.

அவர் தெற்கே நடந்து, வாசலுக்கு வந்து, வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார். திரும்பி நின்று இல்லாத கதவை இழுத்துச் சாத்தினார். பிறகுதான் ஓடினார். அதைக் கண்ணால் பார்த்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருவன்.

ஊருக்கு வந்து சேர ஐந்து நாள் ஆனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னை இறங்க விட்டவர், வீட்டுக்குப் போக விடவில்லை. "அளவு கொண்டுபோனவன் நீ. மொத மொதல்ல வீட்டுக்குள்ள ஏறும்போது நீ கூட வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மம்சாபுரத்தில் மணி பகல் மூன்று. வெயில். மதினி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் கால் கழுவினார். பெண்சாதியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வேம்புக் கதவைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய்க் கிழக்குச் சுவரில் குதிகாலை ஒட்டி வைத்தார். நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடந்தார். பத்து. பதினொன்று. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பதிமூன்றில் சுவரை நிமிர்ந்து பார்த்தார். பதினைந்துக்கு மேல் கால் வைக்க இடம் இல்லை.

மேற்குச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அவர் முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"என்ன, சரியா இருக்கா?" என்றார் மதினி.

அவர் திரும்பினார்.

"பதினேழு. குறி வச்ச மாதிரி இருக்கு."

"நான் ஒரு கிறுக்கி. கோலப் பாத்துட்டு ஒங்க காலு சுருங்கிப்போச்சுன்னு அன்னைக்குப் பூரா அழுதேன்" என்று மதினி சிரித்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

சாப்பிட்டுவிட்டு நான் புறப்பட்டபோது ஊர் எல்லைவரை கூட வந்தார். ஓடைப் பாலம் வந்ததும் நின்றார். அவர் நிற்பதற்கு வேறு இடம் கிடைத்திருக்கலாம்.

"செருப்பக் கழட்டு."

கழற்றினேன். தன் காலை என் கால் பக்கத்தில் ஒட்டி வைத்தார். என் பெருவிரல் அவர் பெருவிரல் தொடங்குகிற இடத்தோடு முடிந்தது.

"இத்தன வருசமா ஒங் காலுக்குள்ளயாலே எம் பொண்டாட்டி பிள்ளைக குடியிருந்துச்சு?"

அதுவரை தம்பி என்றே கூப்பிட்டவர். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னல், போட் மெயில், எழுதாத கடிதம், இந்தப் பாலம்.

அவர் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

"மழையா அன்னைக்கு?"

"ஆமா அண்ணாச்சி. அடமழை."

"ஜன்னல் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"நனையாமப் போயிட்டேல்லா. சரி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா மாடு செத்தது, பிள்ள காச்சல்ல கெடந்தது, அம்புட்டையும் ஒம் பேர்ல எழுதிருவா. பொறவு நீ இந்த ஊருக்குள்ள தலகாட்ட முடியாது. மேலச் சுவர்ல ஓதம் அடிக்கு, ஈரம் ஏறுதுன்னு சொல்லி இடிச்சுத் தள்ளிக் கட்டுவோம்."

"செலவு என்னுது அண்ணாச்சி."

"பின்ன? காசு ஒன்னுது, காலு என்னுது."

கொழும்பில் வாங்கிய கைக்கடிகாரத்தை ராஜபாளையத்தில் விற்றேன். போதாததற்கு என் தமையனிடம் வாங்கினேன். மே மாதம் பழைய கொத்தனாரே வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்கி. ஓதமா? எங் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே."

"கடல் தாண்டி வந்தவன் கண்ணுக்குத் தெரியுது. நீரு இடியும்" என்றார் இவர்.

சுவர் விழுந்து, புழுதி அடங்கியது. புதுச் சுவருக்குக் கொத்தனார் அளவுகோல் கேட்டார். "கோலு எதுக்கு? காலே வந்திருக்கு" என்று இவர் வலது காலைக் கழுவிக்கொண்டு கிழக்குச் சுவரோடு நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"நீ எண்ணு தம்பி. சத்தமா எண்ணு."

எண்ணினேன். பதினைந்தில் பழைய சுவர் நின்ற இடத்துக்கு வந்தார். பதினாறு. பதினேழு. நின்ற இடத்திலேயே குனிந்து, மடியை அவிழ்த்து, கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்திருந்த விரற்கடைச் சுண்ணக்கட்டியை எடுத்து, பெருவிரல் முன்னால் ஒரு கோடு போட்டார். அது முப்பத்தைந்தாவது முறை.

செங்கல், சுண்ணாம்பு, கைமரம், ஓடு, கொத்தனார் இரண்டு, சித்தாள் மூன்று, ஆறு நாள் கூலி, எல்லாம் சேர்ந்து நாற்பத்தேழு ரூபாய் பதினோரணா.